வளையாத மலைப்பாதை குறித்துத் தம்பிக்கு

மழை பொய்யாது, மண் நழுவாது விளங்குக முகில்வரை நாடு! அந்நாட்டின் அரியணை அமர்ந்த செங்காந்தள் தேவி, மாடும் குதிரையும் பூட்டாது காலால் மிதித்தோட்டும் ஈருருளியில் பதினெட்டுச் சரிவுகளை ஒரே மூச்சில் இறங்குபவரும், திரும்ப ஏறுங்கால் பல்லக்குக் கேட்பவரும், வடகுன்றக் காவலருமாகிய எம் தம்பி நெடுங்கிள்ளிக் கோமானுக்கு விடுக்கும் ஓலை. நும் குன்றும் நும் முழங்கால்களும் நலம்பெறுக.

குன்றின் உச்சி முதல் அடிவாரத்துச் சாரற்குடி வரை நூல் பிடித்தாற்போல் ஈருருளிப் பாதை வெட்டியதாகவும், அஃது ஆயிரம் ஆண்டு நிற்குமென்றும் எழுதியிருந்தீர். அடேயப்பா, ஆயிரம் ஆண்டு! முதல் தூறலுக்கே பாதிப் பாதை கீழே வந்து சேர்ந்த செய்தி, நும் ஓலைக்கு முன்பே எம்மை அடைந்துவிட்டது.

கொணர்ந்தவள் மலைவழி வெட்டும் மாதி. பாதையைச் சரிவுக்குக் குறுக்கே சாய்த்து வெட்டி, இருபது அடிக்கொரு முறை நீரை ஓரம் ஒதுக்காவிடில் மலை கரையும் என்று அவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாளாம். நீரோ, நம் முன்னோர் வழக்கப்படி அரசவழி வளையாதென்று முழங்கினீராம். தம்பி, அது தேர் ஓடும் சமவெளிக்கு ஏற்பட்ட வழக்கம். மலைக்கு அதை எவரும் சொல்லி வைக்கவில்லை போலும்.

இன்று அப்பாதை ஆளுயரப் பள்ளம். சாரற்குடியின் பன்னிரண்டு வீடுகளிலும் சேறு இடுப்பளவு ஏறிநிற்க, பிள்ளைகுட்டிகளோடு மக்கள் மேட்டைப் பார்த்தபடி விழித்திருக்கின்றனர். நீரோ பள்ளத்தால் இறக்கம் இன்னும் சுவைகூடிற்றென்று, ஈரமண்ணில் தோழர் பதினொருவரோடு நாள்தோறும் இறங்கி அதை உழுகின்றீர்.

பெருமழைக்கு எட்டு நாளே உள. ஆகவே எம் ஆணை: சாரற்குடி மக்கள் இன்றே நும் மாளிகையில் குடியேறுக. நீரும் தோழரும் ஆளுக்கொரு வீடாக, மழைக்காலம் முழுதும் சாரற்குடியில் உறங்குக. பாதை உறுதியென்று நீரே எழுதியதால் அஞ்சுவதற்கு ஏதுமில்லை.

உறக்கம் வாராதெனில், பன்னிரண்டு மண்வெட்டிகளோடு மாதி உச்சியில் காத்திருக்கிறாள். எங்கெங்கே வளைக்க வேண்டுமென்று அவள் கூறுவாள், நீர் கேட்பீர்.

முகில் முத்திரை பதித்து, எம் கைப்பட எழுதினோம். இவ்வாணை மலையினும் உறுதியாக நிற்க.

உச்சிக்கு நடந்தே செல்க. பல்லக்கு வாராது.