தைராய்டு இல்லையாம், அம்மா

அம்மா,

நீ குளித்துவிட்டு வருவதற்குள் எழுதி வைத்துவிட்டு ஓடுகிறேன். நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன் தைராய்டு மாத்திரை தண்ணீர் டம்ளர் பக்கத்தில் இருக்கிறது. அதைப் போட்டு அரை மணி கழித்துத்தான் காபி.

உன் மாத்திரையை என் சத்து மாத்திரை டப்பாவில் கலந்துவிட்டாய் என்று கத்தினேனே, அது தப்பு. எனக்குப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமும் இல்லை. தைராய்டு மாத்திரையைத் தவறிப் போட்டாலும் இப்படித்தான் ஆகும்; ஹார்மோன் லேபில் வேலை பார்ப்பவளுக்கு வேறு என்ன தோன்றும்? நேற்று அங்கேயே டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தேன். எடுத்தவர், நான் அடிக்கடி சொல்லும் அந்த நெட்டை டெக்னீஷியன்தான். மாலையில் ரிசல்ட்டோடு வந்தார்.

"தைராய்டு நார்மல்ங்க. ஆனா நான் கையைப் பிடிச்சதும் நாடி அப்படி ஓடுச்சே, ஏன்?"

"அது அட்ரினல் சுரப்பியோட வேலை."

"அதை யாரு கிளப்பிவிட்டது?"

"நீங்கதான்."

என் வாய்தான் அம்மா, சத்தியமாக. அவர் காது வரை சிவந்துபோய், "எனக்கும் அதே கேஸ்தாங்க" என்றார்.

இன்று மாலை உன்னைப் பார்க்க வருகிறார், நான் வருவதற்கு முன்பே. என் மேல் இருக்கும் கோபத்தை அவரிடம் காட்டிவிடாதே. நீ முறைத்தால் வாசலோடு திரும்பிவிடுவார், அவ்வளவு கூச்சம்.

சாவியை எடுத்துப் போகவில்லை. எனக்கும் நீதான் கதவு திறக்க வேண்டும். அப்போதாவது பேசு.

ஓரத்தில் ஒன்று: டம்ளர் பக்கத்தில் மாத்திரையைத் தேடாதே. என்னுடையது என்று நினைத்து இப்போதுதான் முழுங்கினேன். நீ வேறு எடுத்துக்கொள். ஒரு மாத்திரையால் எனக்கு ஒன்றும் ஆகாது. மாலையில் என் கை நடுங்கினால் முழுக் காரணமும் அவர்தான்.