தவசீலனுக்குக் கொடுத்த சாவி

நிலா, ஏழாம் கீரைக்கூடம்
நாள் 212. காலை 6.10. உயிர்க்காற்று நூற்றுக்கு 21. வெப்பம் 24. விளக்குகள் எல்லாம் எரிகின்றன.

எழுதுவது வெள்ளத்தாய், வயது எழுபத்தொன்று, கூடத்துப் பொறுப்பாள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கூடத்துக்கு ஒரு காகித நோட்டும் வேண்டும் என்பது விதி. அடுத்து வருகிறவர் படிக்க.

முதலில் வீட்டுச் சேதி. மகன் வழிப் பேத்தி அருள்விழி நடுநிலையத்தில் மருத்துவர். நிலாவில் பிறந்த முதல் இரட்டைக் குழந்தைகளைக் கையில் ஏந்தியவள் அவள்தான். அவள் தம்பி செங்கதிர், செவ்வாய்க்குப் போகிற கப்பலில் இரண்டாம் மாலுமி. பூமியில் மகள் வீட்டுப் பொன்னி இயற்பியலில் நூற்றுக்கு நூறு. சின்னவன் மகிழன் ஓட்டத்தில் மாவட்டக் கோப்பை வாங்கியவன். எல்லார் படமும் கூடத்தின் வலைத்தளத்தில் இருக்கிறது. கீரை கேட்டுத் தளத்துக்கு வருகிறவர்கள் என் பிள்ளைகளைப் பார்த்த பிறகுதான் கீரையைப் பார்க்க முடியும்.

அதே தளம்தான் கதவைத் திறக்கும், விளக்கை ஏற்றும், பேச்சை அனுப்பும். படங்கள் கூடி அது நொண்டத் தொடங்கியதால், வலைத்தளம் கட்டுகிற தவசீலனிடம் சரிசெய்யக் கொடுத்திருக்கிறேன். நடுநிலையத்தில் இருந்தபடியே செய்கிறான். நல்ல பிள்ளை.

நாள் 213. பகல் 2.30. உயிர்க்காற்று 21.

வேலை முடிந்தது. தளம் இப்போது ஓடுகிறது. நான் பாத்தியில் குனிந்திருக்கும்போது யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல, என் குரலையே பிடித்து வைத்திருக்கிறான். முகப்பில் நான் முளைக்கீரைக் கட்டோடு சிரிக்கிற படம், ஆறு வருஷம் பழையது. புதுசு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வேலை தொடங்கிய நாளில் அருள்விழியோடு நடந்த பேச்சை இங்கே பதிகிறேன்.

"அப்பத்தா, உன் கடவுச்சொல்ல அவருக்குக் குடுக்காத. அவருக்குன்னு தனியா ஒரு கணக்குத் தொறந்து குடு. படப் பக்கம் மட்டும் போதும். கதவும் விளக்கும் அவருக்கு எதுக்கு? வேலை முடிஞ்சதும் கணக்க மூடிரு."

"ஏத்தா, தனி டம்ளரா?"

"டம்ளர் வேற, சாவி வேற அப்பத்தா!"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஒனக்கென்ன தெரியும், நீ கண்ணாடிக் கோப்பையில குடிச்சு வளந்தவ."

எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று டம்ளர்கள் கூரையில் செருகியிருக்கும். குடித்துவிட்டு நாமே கழுவிச் செருக வேண்டும். அம்மா செருகியதை நான் பார்த்திருக்கிறேன். நானும் செருகியிருக்கிறேன். என் வாசலுக்கு வேலைக்கு வந்த ஒருத்தனுக்குத் தனி வழி காட்ட எனக்கு மனசு வரவில்லை.

தவசீலனே சொன்னான்: "அம்மா, எனக்கு ஒரு சின்னக் கணக்கு போதும்மா. வீட்டுச் சாவி மொத்தத்தையும் குடுத்தா எனக்கே பயமா இருக்கு."

"சும்மா வாங்குப்பா. நம்ம வீடு."

வாங்கிக்கொண்டான்.

நாள் 214. காலை 9.40. உயிர்க்காற்று 21.

தளம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வெள்ளத்தாய் ஒரே நிமிடத்தில் இரு இடங்களிலிருந்து நுழைந்துள்ளார்: ஏழாம் கூடம், கப்பல் துறை. ஒருவர் அந்நியர். பாதுகாப்புக்காகக் கூடம் பூட்டப்பட்டது. திறக்கும் எண் பதிவான கைபேசிக்கு அனுப்பப்பட்டது."

புதுப் பக்கத்தைப் பார்க்க நான் நுழைந்தேன். பூமிக்கு, தன் ஊருக்குப் புறப்படும் முன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க அவனும் என் பெயரில் நுழைந்திருக்கிறான். பதிவான கைபேசியும் அவனுடையது. சோதித்துப் பார்க்கத் தன் எண்ணைப் போட்டிருந்தான். மாற்றுகிறேன் என்றான். நான்தான் "அவசரம் என்னப்பா" என்றேன்.

கப்பல் பத்து மணிக்குக் கிளம்பும்.

நாள் 214. காலை 11.15. உயிர்க்காற்று 20.8.

கிளம்பிவிட்டது. அதில் ஏறியதுமே பயணிகளின் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, குளிர்ப்பெட்டியில் உறங்க வைப்பார்கள். பத்தொன்பது நாள்.

நடுநிலையத்திலிருந்து வரும் காற்றுக் குழாய் மூடிக்கொண்டது. விளக்குகள் அணைந்து, ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. விண்ணாடை இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் தொங்குகிறது. சின்ன வட்டக் கண்ணாடி வழியாகத் தெரிகிறது. கடப்பாரையால் கதவை நாற்பது தடவை அடித்தேன். ஒரு கீறல் விழுந்தது.

பொருள் வண்டி நாள் 226-இல் வரும். அதற்கு முன் யாருக்கும் இங்கே வேலையில்லை.

நாள் 216. காலை 8.00. உயிர்க்காற்று 18.9. வெப்பம் 17.

ஒலிபெருக்கியில் வருவது எனக்குக் கேட்கிறது, நான் பேசினால் போவதில்லை. இன்று அருள்விழி கூப்பிட்டாள்.

"அப்பத்தா, ரெண்டு நாளாச் சத்தமே இல்லையே. ஒடம்பு நல்லாயிருக்கா?"

ஓடிப்போய் வாயைத் திறப்பதற்குள் என் குரல் பதில் சொன்னது.

"நல்லா இருக்கேன்த்தா. நீ சாப்பிட்டியா?"

"சாப்டேன் அப்பத்தா. குழந்தைக ரெண்டும் இன்னைக்குச் சிரிச்சுதுக."

"நல்லா இரு தாயி. பாத்தியில வேலை கெடக்கு."

அவள் வைத்துவிட்டாள். நான் கத்திக்கொண்டே இருந்தேன்.

நாள் 218. பகல் 1.20. உயிர்க்காற்று 16. வெப்பம் 11.

விளக்கு இல்லாவிட்டால் கீரையும் என்னைப் போலவே காற்றைத் தின்னும். பன்னிரண்டு பாத்தியையும் பிடுங்கி, பைகளில் திணித்து வாய் கட்டினேன். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி. மணத்தக்காளியை மட்டும் பிடுங்க முடியவில்லை. உட்கார்ந்து அழுதுவிட்டு அதையும் பிடுங்கினேன்.

தலை வலிக்கிறது. தளத்திடம் என் பிறந்த ஊர், அம்மா பெயர், நான் படித்த பள்ளி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அந்நியருக்கு அனுமதி இல்லை" என்கிறது.

நாள் 220. காலை. உயிர்க்காற்று 13.

அருள்விழி மறுபடி கூப்பிட்டாள்.

"என்ன அப்பத்தா, எப்பக் கேட்டாலும் ஒரே பதிலாச் சொல்ற? எம்மேல கோவமா? தனிக் கணக்குன்னு சொன்னதுக்கா?"

"நல்லா இருக்கேன்த்தா. நீ சாப்பிட்டியா?"

"போ அப்பத்தா. கோவம் தீந்ததும் நீயே கூப்பிடு."

இனிக் கூப்பிடமாட்டாள். அவளும் என்னை மாதிரிதான், ரோஷக்காரி.

நாள் 221. மணி பார்க்கவில்லை. உயிர்க்காற்று 11-ஓ என்னவோ.

இதை எடுக்கிறவர் யாரானாலும் தவசீலனைக் குற்றம் சொல்லக் கூடாது. அவன் வேண்டாம் என்றான். திணித்தது நான்.

டம்ளர் வேறு, சாவி வேறு. அவள் சொன்னது சரி. டம்ளரைத் தனியாக வைத்தது எங்களைத் தள்ளிவைக்க. சாவி தனியாக இருந்திருந்தால், வேலை முடிந்ததும் அவன் கையை உதறிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பான். பாவம், கண் விழிக்கும்போது கைபேசியில் அந்த எண் காத்திருக்கும்.

நாள்

எழுத்து கோடு தாண்டுகிறது. மன்னிக்கவும்.

முகப்பில் நான் கீரைக் கட்டோடு சிரிக்கிறேன். யார் கூப்பிட்டாலும் நல்லா இருக்கேன் என்பேன். நாளைக்கும் சொல்வேன். அடுத்த வருஷமும். பொன்னி கேட்பாள், மகிழன் கேட்பான், எல்லாரையும் சாப்பிட்டியா என்று கேட்பேன். பிள்ளைகள் நம்பிக்கொண்டே

உள்ளே வந்ததும் ஒன்று செய்யுங்கள். நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே, முகத்தைத் துடைக்க வேண்டாம், ஒரு படம் எடுத்து முகப்பில் போடுங்கள். பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுசைப் போடுங்கள்