நம்ம ஊட்டு வெங்காயத்தாமரை

மச்சான்,

கையில் இன்னும் குளத்து வாடை இருக்கிறது. பாசியும் ஈர வேரும் கலந்த அந்த வாடை உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சட்டையிலேயே வீசும். டயர் கடைக்கு வந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சே வெடித்துவிடும். பூத்துடுச்சு மச்சான்! நம்ம ஊட்டுக் குளத்தில் வெங்காயத்தாமரை பூத்துடுச்சு!

நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் கொண்டப்பநாயக்கன்பட்டி முழுக்கத் தமுக்கு அடித்திருப்பீர்கள். மலைப்பாதை ஏறுகிற வண்டிகளை எல்லாம் கை காட்டி நிறுத்தி, "சித்த எறங்கி வந்து பாத்துட்டுப் போங்க சாமி" என்று ஒவ்வொருவரையும் இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கடைக்கு வந்த இரண்டு பேரிடம் போட்டோவைக் காட்டினேன். "இதுவா? இது ஏரியில கெடக்கற சனியனாச்சே" என்றான் ஒருத்தன். அவன் வண்டிக்குக் காற்று நாளைக்குத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் சொன்னதும் பொய் இல்லை, அதுதானே வேடிக்கை! ஊர் ஊராக ஏரியில் ஜேசிபி விட்டு அள்ளுகிற செடி. அள்ளி முடித்து ஆட்கள் வீடு திரும்புவதற்குள் மறுபடி பரவுகிற செடி. அது நம் வீட்டில் மட்டும் வளர மாட்டேன் என்று அடம் பிடித்ததே, நினைவிருக்கிறதா?

உங்கள் முழங்கால் ஒத்துழைக்காமல் போய் லாரியை விற்றபோது, இனி மனிதர் டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நீங்களோ வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கடப்பாரையும் கையுமாக நின்றீர்கள். குழி வெட்டி, லாரியின் பழைய தார்பாயை விரித்து, ஓரமெல்லாம் கல் அடுக்கினீர்கள். "இத்தன வருசம் மழைத்தண்ணி உள்ள வராமப் பாத்துக்கிச்சு. இனி உள்ள இருக்கற தண்ணி வெளிய போவாமப் பாத்துக்கட்டும் மாப்ள" என்றீர்கள். அடுத்த நாளே கலர் மீன் வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு பனமரத்துப்பட்டிப் பக்கம் ஏதோ ஒரு வாய்க்காலில் இறங்கி, ஒரு வாளி நிறைய வெங்காயத்தாமரையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். முழங்கால் வரைக்கும் சேறு. முகமெல்லாம் பல்.

அக்கா வாசலிலேயே மறித்தாள். "ஏனுங்க, ஏரியையே முழுங்கற கருமத்த ஊட்டுக்குள்ள கொண்டாறீங்களே, உங்களுக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சுங்களா?"

"இல்லீடி, பூவுக்காகத்தான். வண்டியில போறப்ப ஒரு தடவ ஏரி பூராப் பூத்துக் கெடந்துச்சு. நிறுத்திப் பாக்க முடியல, லோடு அவசரம். நம்மூட்டுல ஒரே ஒரு தடவ பூக்கோணும், நான் சேர் போட்டு உக்காந்து பாக்கோணும். அவ்வளவுதான்."

அந்த ஒரே ஒரு தடவைக்காக நீங்கள் பட்ட பாடு இருக்கிறதே! முதல் வாளி இரண்டு வாரத்தில் மஞ்சளித்துப் போனது. அடுத்த வாளியின் வேரை மீன்கள் கடித்தே மொட்டை அடித்தன. அதற்காக என் கடைக்கு வந்து பழைய பைக் ட்யூப் ஒன்றை வாங்கிப் போய், அதில் கொசுவலையைப் பை மாதிரி கட்டித் தொங்கவிட்டு, செடிகளை அதற்குள் மிதக்கவிட்டீர்கள். மீன் தொடவில்லை. வேர் பிழைத்தது. ஆனாலும் இலை வெளுத்து, காம்பு சூம்பி, ஒவ்வொன்றும் சீக்குக் கோழி மாதிரி நின்றது. நிழலாக இருக்குமோ என்று முருங்கைக் கிளையைக் கழித்தீர்கள். வெயில் நன்றாகவே விழுந்தது. செடி அசையவில்லை. "ஜேசிபிக்கே அடங்காதது உங்கக்காளப் பாத்தா அடங்கிப் போவுது மாப்ள" என்று நீங்கள் சொன்னதை அப்போது நான் கேலி என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தோரம் உட்கார்ந்திருந்தோம். அக்கா அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னீர்கள்.

"காரணம் கண்டுபுடிச்சுட்டேன். தண்ணி அளவுக்கு எச்சாச் சுத்தமா இருக்குது. இதுக்கு மண்ணு கெடையாது பாரு, தண்ணியிலதான் சோறு. மீனு போடற கழிவுதான் இதுக்கு எரு. உங்கக்கா வாரா வாரம் பூராத்தையும் எறைச்சு ஊத்திட்டு, தார்பாயத் தேச்சுக் கழுவி, புதுசா போர்த் தண்ணி உட்டுப்போடறா. அதுவும் உப்புத் தண்ணி. செடி பட்டினியில சாவுது."

"அட, அப்ப அக்காகிட்டச் சொல்ல வேண்டியதுதானுங்களே மச்சான்? கழுவாதேன்னு ஒரு வார்த்த."

நீங்கள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தீர்கள். "நான் லோடு ஏத்திட்டு வடக்க போனன்னா எப்ப வருவன்னு எனக்கே தெரியாது. போனு கூடச் செரியா இல்லாத காலம். அத்தன நாளும் இந்த ஊட்டத் தேச்சுத் தேச்சுத்தான் மாப்ள அவ பயத்தக் கழிச்சா. இப்பவும் என்ற முழங்காலு வலிக்குதுன்னு சொன்னாப் போதும், உடனே போயிக் கொளத்தத் தேக்கறா. அந்த பிரஷ்ஷ அவ கையில இருந்து நான் புடுங்குவனா? பூக்காட்டிப் போவுது போ."

அப்புறம் உள்ளே போய், "இன்னிக்கு ரசம் மணக்குதே" என்று அக்காவைச் சீண்டினீர்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நீங்கள் போன பிறகு அக்கா பொடக்காலிக் கதவைத் திறக்கவே இல்லை. வீட்டையே துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருந்தவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பிரஷ் நின்ற இடத்தில் நின்றது. நான் ஞாயிறு தவறாமல் போனேன். அக்காவைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு குளத்தையும் பார்த்தேன். தண்ணீரை மாற்றவில்லை. வெயிலில் வற்றியதற்கு மட்டும், இலை மேல் தெறிக்காமல் ஓரமாக ஹோஸை வைத்து மெல்ல விட்டேன். மஞ்சள் இலையைக் கிள்ளி வெளியே போட்டேன். தண்ணீர் பச்சைக்கு மாறியது. செடியும் மாறியது மச்சான்! காம்பெல்லாம் வெங்காயம் மாதிரி உருண்டது, பக்கத்துக்குப் பக்கம் குட்டி போட்டது. ட்யூபைத் தாண்டி வெளியே வந்து குளத்தையே மூடிவிட்டது. ஒரு காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அப்போதுதான் உங்கள் பேச்சு காதில் விழுந்தது: "பாதித் தண்ணி வானத்தப் பாக்கோணும், இல்லீனா மீனுக்கு மூச்சு முட்டிப்போவும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பாதிச் செடியை வாரித் தென்னை மரத்தடியில் கொட்டினேன். மீன்கள் பிழைத்தன.

ஆனால் அக்கா வேறு முடிவுக்கு வந்திருந்தாள். "அந்தக் குழிய நெனைச்சாலே தாங்கலடா. மண்ணக் கொட்டி மூடிப்போடு. பையன் வெளியூருல இருந்து வந்தாக் காரு நிறுத்தலாம்" என்றாள். டிப்பர்க்காரனிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அப்புறம் அவன் டிப்பர் ரிப்பேர், அவன் ஊரில் மாரியம்மன் நோம்பி, மண் கிடைக்கவில்லை என்று வாரத்துக்கு ஒரு கதை. போன வாரம் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "நீ கிழிச்சது போதும்" என்று சொல்லிவிட்டு, அவளே வேறு ஒருத்தனைப் பிடித்து முன்பணமும் கொடுத்துவிட்டாள். இன்றைக்குக் காலையில் மண் வருவதாக இருந்தது மச்சான். இன்றைக்கு!

ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. விடிந்தும் விடியாமல் போன் அடித்தது. அக்கா பெயரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து எடுத்தேன்.

"டேய், எங்கடா இருக்கற?"

"ஃபேர்லேண்ட்ஸ்ல, ஊட்டுலதானுங்கக்கா. டிப்பர் வந்துடுச்சா?"

"டிப்பரு எங்கடா வந்துச்சு, வந்தாத்தான் என்ன? அவன நான் வர வேண்டாம்னுட்டேன். மீன அள்ளி அண்டாவுல உடலாம்னு கதவத் தொறந்தேன். பூத்துக் கெடக்குதுடா! ஒண்ணு ரெண்டு இல்லீடா! வெயிலேறுனா வாடிப்போவும், ஓடியா!"

சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன் என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஐயோ மச்சான், அந்த நிறத்தை எப்படிச் சொல்ல! ஊதாவா, வெளிர் நீலமா? ஒவ்வொரு பூவிலும் மேல் இதழில் மட்டும் மயிலிறகுக் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. அடியில் மீன்கள் வேருக்குள் புகுந்து விளையாடுகின்றன. அக்கா நீங்கள் உட்காருகிற சேரைக் கொண்டுவந்து குளத்துப் பக்கம் போட்டிருந்தாள். அதில் அவளும் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. நான் கைதட்டிச் சிரித்தேன், அப்படியே அழுதேன்.

அக்கா பூவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்க மச்சான் இருந்த வரைக்கும் ஏன்டா பூக்கல? அந்த மனுசன் என்ன பாடு பட்டாரு."

பிரஷ்ஷை நான் புடுங்குவனா என்று நீங்கள் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது. "வெயில் பத்தலீங்கக்கா" என்றேன்.

"சேலத்துல? வெயில் பத்தலையா?" நீங்கள் போன பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான். "பொய் சொல்றதுக்கு உங்க மச்சானே தேவல போ" என்றாள். சிரிப்பு நின்ற பிறகு, குனிந்து பச்சைத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாள். சுவர் ஓரமாகப் போனாள். அந்த நீளக் கைப்பிடி பிரஷ்ஷை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"இத நீ கொண்டு போயிரு சாமி" என்றாள்.

ஸ்கூட்டரில் குறுக்கே வைத்து, வழியில் போகிறவர்கள் மேல் இடிக்காமல் கடை வரைக்கும் கொண்டு வந்தேன். இதோ, மேசைக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. டயர் கழுவவா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், இல்லை என்கிறேன். சத்தியமாக நான் சொல்லவில்லை மச்சான். பிரஷ்ஷை நானும் புடுங்கவில்லை. அவளாகத்தான் கொடுத்தாள்.