பூப்பொட்டலத்தில் வந்த யானைக்கால்காரன்

மல்லசமுத்திரம்,
தாது வருஷம் மாசி மாதம்.

பம்பாயில் இருக்கும் சிரஞ்சீவி மயில்சாமிக்கு உன் அம்மா முத்தாயம்மாள் மனசார வாழ்த்தி எழுதுவது. செல்லாண்டியம்மன் தயவில் இங்கே ஆளும் மாடும் நோவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவைத் தொட்டேன். முதலில் நல்ல சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன் சாமி. உன் அண்ணன் மகன் வெள்ளியங்கிரிக்கு மேட்டூர் அணைக்கட்டு ஆபீசில் வேலை கிடைத்துவிட்டது, மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிற வேலை. அவன் தங்கை சௌந்திரம் வகுப்பில் முதலாவது, இன்ஸ்பெக்டர் வந்த அன்று இங்கிலீஷ் பாடத்தை நிறுத்தாமல் வாசித்தாளாம், அவர் தன் பேனாவையே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். உன் அக்காள் வசந்தாமணியின் மகன் சின்னராஜ் ராசிபுரத்தில் ஓட்டத்தில் ஜெயித்துக் கோப்பை வாங்கியிருக்கிறான், அதில் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் வசந்தாமணி புளி போட்டுத் துலக்கித் துலக்கி வைக்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் என் வயிற்று வழியில் மக்குப்பிள்ளை என்று ஒன்று இல்லை. இத்தனை பேர் புத்தியோடு இருக்கிற ஊட்டில் புத்தியில்லாத பிள்ளை ஒன்றே ஒன்றுதான், அது உங்கய்யன்.

அந்தக் கூத்துக்கு வித்துப் போட்டவன் நீதான். போன வருஷம் தைக்கு வந்தபோது சட்டைப் பையில் ஒரு சிகரெட்டுப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனாயே. அது சிநேகிதனுடையது என்று பிற்பாடு எழுதினாய், நானும் நம்பிவிட்டதாகவே வைத்துக்கொள். துவைக்க எடுத்த சட்டையிலிருந்து அது விழுந்தது, உங்கய்யன் எடுத்துப் பிரித்தார், உள்ளே ஒரு சின்ன அட்டை, அதில் வெள்ளைக்காரன் ஒருவன் துடுப்பு மாதிரி ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்னமோ புதையல் எடுத்தது போல அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நாமக்கல்லுக்கு வண்டி கட்டிப் போய் இன்னும் நாலு பெட்டி வாங்கி வந்தார். ஆயுசில் பீடி பிடிக்காத மனுஷன். எதற்குங்க இது என்று கேட்டேன், ஒவ்வொரு பெட்டியிலும் வேற வேற ஆள் இருக்கான், ஐம்பது பேரும் சேர்ந்தால்தான் செட்டு என்கிறார். செட்டு சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்றேன், செட்டு கிடைக்கும் என்கிறார். இதற்கு மேல் நான் என்னத்தைக் கேட்க. அட்டை அவருக்கு, சிகரெட்டு நம் பண்ணையாள் செல்லமுத்துவுக்கு. அவன் இப்போது பீடி என்றாலே முகத்தைச் சுளிக்கிறான், ஏர் ஓட்டும்போதுகூட துரை மாதிரி புகை விடுகிறான், மாடு தும்முகிறது.

இவர் ஒருவர் என்றால் போகட்டும் என்று விடலாம். சந்தைக்குச் சந்தை நரைத்த தலைகளாகக் கூடி, தென்னை மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பெட்டி பிரிக்கிறார்கள். பிரிப்பதற்கு முன்னால் ஒருவர் கண்ணை மூடிக்கொள்கிறார், ஒருவர் முருகா என்கிறார். இங்கிலீஷ் ஒருவருக்கும் தெரியாது, ஆகையால் பேரும் இவர்களே வைத்தாயிற்று. மீசைக்காரன், தொப்பிக்காரன், கோணவாயன், யானைக்கால்காரன். இந்த யானைக்கால்காரன் முட்டிக்குக் கீழே இரண்டு காலும் வெளுத்து உப்பிப் போனவன் மாதிரி நிற்பான். அவன்தான் எல்லாப் பெட்டியிலும் வந்து தொலைகிறானாம், அவனை இரண்டு கொடுத்தாலும் ஒரு மீசைக்காரனைத் தரமாட்டார்களாம். ஒரே ஆளையே திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போய் இப்போது புது விளையாட்டு. மிஞ்சின அட்டையை அந்தச் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளிலேயே பொட்டலம் கட்டி மடியில் வைத்துக்கொள்கிறார்கள், உன் பொட்டலம் எனக்கு, என் பொட்டலம் உனக்கு, பிரித்தபின் அழக்கூடாது. பேரன் பேத்தி எடுத்த கிழவர்கள் சாமி. சௌந்திரம்கூட இப்படி விளையாடமாட்டாள்.

இதில் ஒரே ஒரு நல்லது நடந்தது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. வெண்ணந்தூர் காளியண்ணன் என்று ஒருவர், நல்ல பண்ணையம், அவரும் இந்த வட்டத்தில் ஒரு பைத்தியம். அவரிடம் மீசைக்காரன் இருக்கிறான் என்று உங்கய்யன் அவர் ஊட்டுக்கே போனார், போன இடத்தில் அவர் மகள் தெய்வநாயகி மோர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். மீசைக்காரன் கிடைக்கவில்லை, பெண் கிடைத்தாள். நானும் போய்ப் பார்த்தேன். நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்லுகிறாள், கேட்காததைச் சொல்லவில்லை. உனக்கு இவள்தான் என்று அப்போதே என் மனசில் முடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் பேசி, செல்லாண்டியம்மன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டுவிட்டு வைகாசியில் முகூர்த்தம் வைப்பதாக ஆனது.

போன வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலுக்குப் போனோம். வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்கு அரளி, வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். வாழை இலையில் மடித்துக் கட்டுங்கள் என்று சொல்லித்தான் உங்கய்யன் கையில் கொடுத்தேன். இலை கிழிந்துபோச்சாம், அதனால் ஈயத்தாளில் மடித்தாராம், பூ நசுங்கக்கூடாது என்று அடியில் ஒரு அட்டைத் துண்டு வேறு வைத்தாராம், மடித்ததைக் கொண்டுபோய் அந்த யானைக்கால்காரன்களோடு அதே மடியில் செருகினாராம். சன்னிதியில் பொட்டலம் போடச் சொன்னபோது அவர் கண் அம்மன் மேலும் இல்லை, பொட்டலத்தின் மேலும் இல்லை, காளியண்ணன் மடி எவ்வளவு புடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இரண்டை எடுத்துப் போட்டார். பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். பிரித்தால் பூவைக் காணோம், யானைக்கால்காரன் நிற்கிறான்.

 காளியண்ணனின் அக்காள் கண்ணாத்தாள், அந்த அம்மாளுக்குத் தொண்டை கொஞ்சம் பெரிசு, மாரில் அடித்துக்கொண்டு அலறினாள். ஐயோ அம்மன் படமாகவே காட்டிட்டாளே, மாப்பிள்ளைக்கு யானைக்காலு, பம்பாய்த் தண்ணி காலை வீங்க வச்சிருச்சு, மூடி மறைச்சுப் பெண்ணைக் கேக்க வந்தாங்களே என்று கோயில் கூரை அதிர்ந்தது. சௌந்திரம் அட்டையின் பின்பக்கத்தை வாசித்துப் பார்த்து, அது வியாதி இல்லீங்க, கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து வந்து பட்டால் நோகாமலிருக்கக் காலில் கட்டுகிற மெத்தைங்க என்றாள். காலுக்கு எவனாச்சும் மெத்தை கட்டுவானா என்று கண்ணாத்தாள் அதட்டினாள். உங்கய்யனும் காளியண்ணனும் என்ன செய்தார்கள் தெரியுமா, இது என்கிட்ட இருந்த யானைக்கால்காரன், இல்லை போன சந்தையில் நான் குடுத்தது, பாருங்க மூலை மடங்கியிருக்குது என்று கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நின்று வழக்காடுகிறார்கள். அந்தச் சமயம் இரண்டு பேரையும் வண்டியில் பூட்டி ஓட்டிவிடலாமா என்று இருந்தது.

கீழே எடுக்காமல் கிடந்த பொட்டலத்தைப் பிரித்தோம், சிவப்பு. ஊட்டுக்கு வந்ததும் உங்கய்யனை எழுப்பி நிறுத்தி வேட்டியை உதறச் சொன்னேன், வாடிப்போன நந்தியாவட்டையோடு அந்தப் பொட்டலம் மடியிலிருந்து கீழே விழுந்தது. வெள்ளைப் பூவே போடாத இடத்திலும் அம்மன் சிவப்பைத் தொடாமல் விட்டாளே, இதைவிடத் தெளிவாக உத்தரவு எப்படித்தான் கொடுப்பாள். அதைத்தான் மறுநாளே வெண்ணந்தூர் போய்ச் சொன்னேன். கண்ணாத்தாள் கேட்கவில்லை. சேலத்திலிருந்து வேறு இடம் ஒன்று காத்திருக்கிறதாம், பங்குனி உத்திரத்துக்குள் முடித்துவிடுவோம் என்கிறாள். உன் படம் கேட்டார்கள். நம்மிடம் இருப்பது பள்ளிக்கூடத்தில் கும்பலாக எடுத்தது, நீ கடைசி வரிசை, தலை மட்டும் தெரிகிறது, காலை எங்கே காட்ட. அப்போதுதான் தெய்வநாயகி உள்ளேயிருந்து வந்து எல்லோர் முன்னாலும் சொன்னாள், அம்மன் ஒண்ணும் சொல்லலீங்க அத்தை, மாமா மடிதான் சொல்லுச்சு, கால் தெரியறாப்பில ஒரு படம் வரட்டும், நான் பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் சேலத்துக்காரங்க காத்திருக்கட்டும் என்று. கண்ணாத்தாள் வாய் மூடியதை நான் முதல்முதலாகப் பார்த்தேன். இப்படிப்பட்டவளை நழுவவிட்டால் எனக்குச் சோறு இறங்காது சாமி.

உங்கய்யன் இரண்டு நாளாகக் கோழி மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கிறார், இனி தொடமாட்டேன் என்கிறார். ஆனால் அட்டைகளைப் போட்டு வைத்திருக்கிற டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்றால் எங்கே வைத்தேனென்று ஞாபகமில்லையாம். நீயும் அந்தச் சிநேகிதன் சிகரெட்டை இன்றோடு விட்டுவிடு. எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்காதே, கொசு கடிக்கிற இடத்தில் போர்த்திக்கொண்டு படு, எந்த ஊரில் இருந்தாலும் காலில் ஒரு கண் இருக்கட்டும்.

நீ தீர்க்காயுசாயிருந்து, கொடியும் கிளையுமாய்ப் பெருகி, என் கண் பார்க்க நன்றாக இரு. இந்தக் கடிதாசு கண்டதும் ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதுப் படம் எடு. நாற்காலியில் உட்காராதே, கால்சட்டை வேண்டாம், பூந்தொட்டியை முன்னால் வைக்க விடாதே. வேட்டியை முட்டிவரை தூக்கிக் கட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலும் தெரிய நேராக நில். தபாலில் என் பேருக்கே போடு, உங்கய்யன் பேருக்குப் போட்டால் மீசைக்காரனுக்கு மாற்றிவிட்டு வந்துவிடுவார். கொஞ்சம் செலவானாலும் சரி, அவர் டப்பாவுக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய படமாக எடுத்து அனுப்பு சாமி.

இப்படிக்கு,
உன் படத்துக்காகத் தபால்காரனை எதிர்பார்த்திருக்கும்
அம்மா, முத்தாயம்மாள்.