ஜெயபுரத்து வயலுக்கு ஒரு வினைச்சொல்

அக்கா,

பூநகரிக் கடையில் கடிதத்தை அச்செடுத்து வாங்கியபோது தாள் சூடாக இருந்தது. வயலிலிருந்து வந்ததும் என் கன்னத்தில் கையை வைப்பாயே, அந்தச் சூடு. அரசாங்க அலுவலகக் கந்தோர் திறக்க நேரம் இருந்தது. நிழலில் நின்று, நாம் இருவரும் தொடங்கிய ஆங்கில வரிகளை உனக்காக ஒருமுறை வாசித்தேன்.

வனத் திணைக்களத்தார் நம் வயலின் நடுவே எல்லைக் கல்லை நட்டு, கல்லுக்கு அப்பால் காடு என்று சொல்லிப் போனார்கள். அதை விடுவிக்கக் கேட்டுக் கொழும்புக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள் நான்தானே. அப்பாவின் பெயரில் அனுமதிப்பத்திரம் இருந்தது, காணி உறுதிப்பத்திரம் இல்லை. சொந்தம் என்று பொருள்படும் 'ஓன்' என்று எழுதினால் உறுதியைக் கேட்பார்கள். அதனால் 'ஹாவ்' என்று எழுதி, வரம்பில் இருந்து சோறு தின்ற உனக்குத் தமிழில் சொன்னேன்: எங்களிடம் வயல் இருக்கிறது.

"எனக்கு இடுப்பு நோவும்தான் இருக்கு," என்றாய். "அது தானா வந்தது. வயலும் அப்பிடியே? வைச்சிருக்கிறம் எண்டு எழுதடி."

"'பொசஸ்' எண்டு போடலாம்."

"சோத்துக்கை கல்லுக் கடிபட்ட மாதிரிக் கிடக்கு."

பிறகு 'ஹோல்ட்' என்றேன். கையை விடாமல் பிடித்திருப்பது என்று விளக்கினேன்.

"அதுதான்! எங்கட டீச்சருக்கு நெல்லும் கோரையும் ஒண்டுதான். எண்டாலும் சொல்லுத் தெரியுது."

அந்தப் போகமும் நீ கல்லைத் தாண்டித்தான் விதைத்தாய். கடிதம் முடியுமுன் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

கந்தோரில் இருந்த ஐயா நல்லவர். கடிதத்தை வாசித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, வயல் செய்தவா இப்ப இல்லையே. 'ஹெல்ட்', வைச்சிருந்தம் எண்டு மாத்துங்கோ. வாற கிழமை பாக்க வருவினம். வெறுந்தரையைக் கண்டால் என்ன சொல்லுவியள்?"

வழக்கமாக இந்த இடத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அவர் கேட்டதில் பிழையும் இல்லை. அந்தச் சொல் கடிதத்தில் நிற்க வேண்டுமென்றால் வயலில் யாராவது நிற்க வேண்டும்.

"இல்லை ஐயா, இப்பவும் நாங்கள்தான் வைச்சிருக்கிறம். இப்பிடியே அனுப்புங்கோ," என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

பஸ்ஸால் இறங்கி நேரே உழவு மெஷின்கார அண்ணையின் வீட்டுக்குப் போனேன். மழைக்கு முன் புழுதியில் விதைத்தாக வேண்டும்.

"நாளைக்கு வாறியளோ அண்ணை?"

"ஆர் விதைக்கிறது? ஆள் பிடிச்சிட்டியோ?"

"நான்தான்."

சிரித்தார். "படிச்ச பிள்ளை, வெயிலுக்கை மயங்கி விழுந்தால் ஆர் தூக்கிறது?"

"கல்லுக்கு அங்காலையும் உழவேணும்."

சிரிப்பு நின்றது. "விடிய வாறன். விதைநெல்லை எடுத்து வை."

அக்கா, உன்னைப்போல என் கை வீசாது. மழை வந்ததும் நெல் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் ஐதாகவும் முளைக்கும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். முளைக்கட்டும். வருகிறவர்கள் இது யாருடைய செய்கை என்று கேட்கும்போது, இதுவரை நின்றதுபோல அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நான் நிற்கமாட்டேன். புழுதிக் காலோடு முன்னால் வந்து பதில் சொல்வேன்.