ஓரத்தில் நின்ற நிலா

மதினி,

இன்று சாயங்காலம் மாடியில் தொலைநோக்கியை மூடியிருந்த துண்டை எடுத்தேன். கண் வைக்கிற ரப்பர் வளையத்தில் உங்கள் தலைவலித் தைலம் இன்னும் மணக்கிறது. நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது.

உங்கள் மகன் படிக்கப் போனபோது விட்டுச்சென்ற குழல் அது. துணி எடுக்க மாடிக்கு வந்த நாம் இருவரும் அதைப் பிடித்துக்கொண்டோம். ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தோட்டங்களுக்கு மேலே வியாழன் தெரியும். அதற்கு நிலாக்கள் எத்தனையோ உண்டு; நம் குழலுக்கு எட்டியது நாலுதான். "குருப்பெயர்ச்சின்னா கோயில்ல இடிச்சுக்கிட்டு நிக்காங்க. அவரைச் சுத்தி நாலு பேரு வாரது ஒருத்தருக்கும் தெரியல பாத்தியா" என்பீர்கள். இரண்டு நாள் முடியுமுன்னே ஒரு சுற்று வந்துவிடும் அயோ என்ற நிலாவுக்கு அவசரக்காரி என்று பெயர் வைத்தீர்கள். தள்ளி நிற்கும் கலிஸ்டோ, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தியம்மா. சில நாள் ஒருத்தி குறைவாள், நான் பதறுவேன். "பின்னால போயிருப்பா. பைய வருவா, பொறு."

பார்த்ததும் எத்தனை என்று சொல்ல வேண்டும். எப்போதும் என்னைத்தான் முதலில் சொல்ல வைப்பீர்கள். "ஏட்டி, உனக்கு எத்தனை?" நாலு என்றால், "எனக்கும் அதான்." மூன்று என்றாலும், "எனக்கும் அதான்."

பட்டப்பகலில் வாசற்படி தெரியாமல் நீங்கள் விழுந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கண் அழுத்தம். ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனது திரும்பாது என்றார் டாக்டர். ரத்த சொந்தம் எல்லோரும் கண்ணைக் காட்டுங்கள் என்றும் சொன்னார். நீங்கள் எனக்கு அண்ணன் மனைவி மட்டுமா, மாமா மகளும்தானே. நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டதற்கு, "சொன்னா மாடி ஏற விடமாட்டீங்களே" என்றீர்கள்.

இன்று எனக்கு மூன்றுதான் தெரிந்தது. சம்பந்தியம்மாவைக் காணோம். பின்னால் போயிருப்பாள் என்று துணிகளை மடித்து வைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மூன்றுதான். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துப் பார்த்தேன்.

அண்ணன் காப்பியோடு ஏறி வந்தான். எத்தனை தெரிகிறது என்று அவனைப் பார்க்கச் சொன்னேன்.

"நாலு இருக்கு. உனக்கு?"

எனக்கும் அதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மதினி. பயந்தவளுக்கு அது எவ்வளவு லேசான பதில் என்று அப்போதுதான் புரிந்தது.

"மூணுதான் தெரியுது அண்ணே."

அவன் டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, நாளைக் காலையில் திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றான். உங்கள் கண்தான் எனக்கும் வாய்த்திருக்கிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. படி இறங்கும்போது, கடைசி நாட்களில் உங்களை இறக்கிக் கூட்டிப்போவானே, அதே மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் விடவில்லை.