வறண்ட குளத்தில் நீ வைத்த கையெழுத்து

இன்று காலை உழவர் சந்தையில் ஓர் அம்மா ஆரைக்கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். காம்பில் சேறு காயவில்லை. ஒரு கட்டை எடுத்து முகர்ந்ததும் அந்தக் குளத்து வாசனை. வாங்காமல் வைத்துவிட்டு வந்தேன். நீ இறந்து ஏழு மாதமாகிறது. நாம் பேசுவதை நிறுத்தியதோ அதற்கும் வெகுகாலம் முன்பு. இப்போதுதான் உன்னிடம் பேசத் தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் கோவையில் தாவரவியல் ஆராய்ச்சி மாணவிகள். நீ அந்தியூர்க்காரி, நான் தாராபுரம். ஒரே விடுதி அறை, ஆராய்ச்சிக்கும் ஒரே குளம். டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் கால் வைப்போம். வெள்ளம் வந்த ஆண்டில், நீர் ஏற ஏற அல்லியின் காம்பும் கூடவே நீண்டதைக் கயிறு வைத்து அளந்தோம். சம்புப்புல் மண்டிய இடத்தில் வெயில் தரையைத் தொடாது. வேறெதுவும் தலையெடுக்க முடியாது. ஆரை அதோடு மல்லுக்கட்டாமல், நீர் ஏறி இறங்கும் கரையோரத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் நின்றால் இலையை மிதக்க விடும். வற்றினால் நிமிர்ந்து நிற்கும். "கெட்டிக்காரி புள்ள இது. இடம் பாத்து உக்காருது" என்று சிரித்தாய்.

அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. குளம் பாளம் பாளமாக வெடித்தது. அங்கே எருமை மேய்க்கும் மாரப்பண்ணன் நம்மிடம் கேட்டார்: "எல்லாம் செத்துப்போச்சுங்களா அம்மணி?"

"இல்லீங்ணா. மண்ணுக்குள்ள தூங்குது" என்று சொன்னவள் நீதான்.

அந்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அள்ளி வந்து, கல்லூரி மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றினோம். மிளகளவு ஆரைக்காய்களின் ஓட்டை நீ பிளேடால் கீறிப் போட்டாய். முதலில் கோரை முளைத்தது. பிறகு பச்சை நூல்கள். சில வாரங்களில் நான்கு இதழோடு ஓர் இலை விரிந்த காலையில், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாயே, அந்தப் பிடி வலித்தது.

அந்தக் கோடையிலேயே உனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. குளத்தின் கிழக்குப் பாதியை மேடாக்கி வீட்டுமனை போடப் போகிறார்கள் என்ற பேச்சும் வந்தது. உன் அலுவலகத்தார் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். நான் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். நீ முன்வரிசையில் இருந்தாய். எனக்காகத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன்.

அதிகாரி ஓர் அறிக்கையை வாசித்தார். "நேரில் பார்வையிட்டதில் நீர்த்தாவரம் எதுவும் தென்படவில்லை. பயனற்ற தரிசு நிலம்." கீழே உன் கையெழுத்து. உடனிருந்து ஆய்வு செய்தவர் என்று என் பெயர்.

எழுந்து நின்றேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லைங்க. இதப் பாருங்க, அந்த மண்ணுல மொளச்சது."

"தொட்டியில தண்ணி ஊத்துனா எதுவும் மொளைக்குமுங்க. உங்க பேரும் இதுல இருக்குதே?" என்றார்.

உன்னைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். நீ கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து மாரப்பண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "நீங்களுமாங்க அம்மணி?"

மறுநாள் விடுதியில் உன்னை மறித்தேன். "ஏன் புள்ள?"

"போன அன்னைக்கு அங்க இருந்ததத்தான எழுதுனேன்? பொய் எழுதலையே."

"என் பேரு?"

"ரெண்டு பேரா இருந்தா நம்புவாங்கன்னாங்க. வேலைய நிரந்தரமாக்கறோம்னாங்க. நீ கோவிச்சுக்க மாட்டேன்னு நெனச்சுப்போட்டேன்."

கோபிக்க மாட்டேன் என்று நினைத்தாயே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை. முன்பின் தெரியாத யாரோ செய்திருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். நீ என் பிரியத்தை அளந்து பார்த்து, இது தாங்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அன்றே அறை மாறினேன். இரண்டு மனு எழுதினேன், பதில் இல்லை. மழைக்கு முன்பே லாரிகள் மண் கொட்டத் தொடங்கின. மாரப்பண்ணனைத் தேடிப் போனபோது, எருமைகளை விற்றுவிட்டு எங்கோ மில் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் கேட்டதற்கு என்னால் பதில் சொல்லவே முடியவில்லை.

உன் சாவுக்கு வந்தேன். அழுகை வரவில்லை. கிளம்பும்போது உன் மகள் வாசல்வரை வந்தாள். "அம்மா உங்களுக்கு ஏதாச்சும் பண்ணிட்டாங்களா ஆன்ட்டி? உங்க பேரு வந்தாலே எந்திரிச்சு உள்ள போயிருவாங்க."

உன் கண்கள் அவளுக்கு. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஆளுக்கொரு வேலைன்னு ஆகிப்போச்சு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. உன்னை மன்னித்துவிட்டதால் சொன்னதல்ல அது. நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பிள்ளை நிம்மதியாக அழட்டும் என்று சொன்னேன். நீ எழுதிய பொய்யில் என் பெயர் இருந்தது. அன்று உனக்காக ஒரு பொய்யை நானே, முழு மனதோடு சொன்னேன். அந்தப் பொய்யை இன்றும் யாரிடமும் உடைக்காமல் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.